ஒப்புதல் பொத்தான்

திருத்தணியில் இணைய இணைப்பு நன்றாகவே இருக்கும். வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அரக்கோணம் சாலையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஃபைபர் லைன் வந்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு முறைதான் அறுந்திருக்கிறது, இரண்டும் மழைக்காலத்தில். சென்னையில் இருக்கும் என் கம்பெனி ஆட்களைவிட எனக்கு வேகம் அதிகம் என்று சொல்லிச் சிரிப்பேன்.

என் பெயர் சூர்யபிரகாஷ். வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை பக்கம், பயிர் செய்யும் குடும்பம். யோசித்துக்கொள்ள நேற்று முழுநாளும் கொடுத்தீர்கள், மாஜிஸ்திரேட் அம்மா. யோசித்துவிட்டேன். போலீசார் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. தட்டச்சு செய்பவர் சிரமப்படாதபடி நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி சின்னது. தனியார் ஆம்புலன்ஸ்களை ஒன்றாகச் சேர்த்து ஓர் ஆப் நடத்துகிறது. கிராமத்தில் ஒருவர் உதவி கேட்டால், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறதோ அந்த டிரைவரின் போனுக்கு ஊரும் வழியும் போகும். கேட்டவரின் போனில், வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும். ஆப்பை எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கிளவுடில் இருக்கும் சர்வருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பாதையைக் கட்டியவன் நான். மாற்றம் உள்ளே வந்ததும் நூற்றுச் சொச்சம் சோதனைகள் தானாக ஓடும். எல்லாம் பச்சையானால் மேலே போகும். ஒன்று சிவப்பானாலும் அங்கேயே நின்றுவிடும். கடைசியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் புதிய பதிப்பு மக்களின் கைக்குப் போகும். புதியதில் கோளாறு என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் அதையே அழுத்த வேண்டும். அதன் மேல் ‘ஒப்புதல்’ என்று எழுதியிருக்கும். அழுத்தியதும் ஓர் ஆறு இலக்க எண் கேட்கும். அந்த எண் என் போனில் மட்டுமே தெரியும். முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும்.

ஆறு வருடம் அந்தப் போனை நான் கையை விட்டு வைத்ததில்லை. குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில் இருக்கும். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், மொட்டைத் தலையோடு பம்ப்செட் அறைக்குள் போய் உட்கார்ந்து ஒரு பதிப்பை வெளியிட்டேன். மகள் யுவஸ்ரீக்கு மலைமேல் காது குத்தியபோது நான் கீழே கார் நிறுத்தும் இடத்தில் லேப்டாப்போடு இருந்தேன். அவள் அழுத சத்தத்தைப் போனில்தான் கேட்டேன். திருப்பதிக்குப் போக இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூடப் போகவில்லை. உள்ளே போன் கொண்டுபோக முடியாது.

என் மனைவி சுதா சண்டை போடுகிறவள் அல்ல. ஒருநாள் மட்டும் கேட்டாள். “அந்த பொத்தானைப் பாத்துக்க இன்னொரு ஆளு இருக்கமாட்டாங்களா? உங்களக் கட்டிப் போட்ட மாதிரி இருக்குதுங்க.”

அப்படி யாரும் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் எங்கள் மேலாளர் ஆதிகேசவன் அதற்கு முன்பே இரண்டு முறை, இன்னொருவர் போனிலும் அந்த எண் தெரியும்படி செய்யச் சொல்லியிருந்தார். அரை மணி நேர வேலை. இரண்டு முறையும் பாதுகாப்புக் காரணங்களை எழுதி அனுப்பினேன். அவர் படித்துவிட்டு விட்டுவிட்டார்.

சென்ற வருடம் ஏப்ரலில் சுசித்ரா வேலைக்குச் சேர்ந்தாள். அரக்கோணத்துப் பெண், வயது இருபத்தாறு. என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அவளுக்குக் கொடுத்த வேலை அந்தப் பொத்தானை எடுத்துவிடுவது. பெரிய கம்பெனிகளில் எல்லாம் அப்படித்தான். சோதனைகள் பச்சையானால் புதிய பதிப்பு தானாகவே வெளியே போய்விடும், ஒருவர் உட்கார்ந்து காவல் காக்கத் தேவையில்லை. அவள் நன்றாக வேலை செய்தாள். தெரியாததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய கணக்கைத் திறந்து கொடுத்ததும் நான்தான். ஆகவே அவளுடைய திறவுச்சொற்களின் பிரதி என்னிடம் இருந்தது. அப்போது அதில் எந்த நோக்கமும் இல்லை.

ஜூலையில் ஆதிகேசவன் வீடியோவில் பேசினார். இனி வெளியீடுகள் தானாகப் போகும் என்றார். பழைய பதிப்புக்குத் திரும்பும் அதிகாரம் மட்டும் இன்னும் ஒரு மாதம் என்னிடம் இருக்கட்டும், பிறகு அதையும் சுசித்ராவிடம் கொடுத்துவிட்டு வாடிக்கையாளர் புகார்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் ஓய்வு கிடைக்கும் என்றார். அருகில் நின்று கேட்ட சுதா அன்று பாயசம் வைத்தாள். நான் சாப்பிட்டேன். பிறகு மாடிக்குப் போய் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடம் என்னைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றை அவிழ்க்கிறார்கள். எழுந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

மனிதர் ஒருவர் பார்க்காமல் ஒரு பதிப்பு வெளியே போவது ஆபத்து. இதை நான் இன்றும் நம்புகிறேன். அதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், காட்ட வேண்டும் என்று தோன்றியது. நான் நினைத்தது சின்னத் தவறுதான். ஒரு வண்டி கொஞ்சம் தாமதமாகப் போகும், யாராவது புகார் செய்வார்கள், நான் உடனே சரிசெய்வேன்.

எல்லை ஓரம் என்பதால் ஒரே பெயரில் இந்தப் பக்கம் ஓர் ஊரும் ஆந்திரப் பக்கம் ஓர் ஊரும் இருப்பது இங்கே சாதாரணம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு ராமாபுரம் உண்டு. நகரியைத் தாண்டியும் ஒரு ராமாபுரம் உண்டு. ஆப் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க நானே ஒரு சோதனை எழுதி வைத்திருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம், ஊர் தேடும் பகுதியை மாற்றி எழுதினார்கள். என் சோதனை சிவப்பானது. அதாவது அது தன் வேலையைச் செய்தது. அந்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்த்தேன். சுசித்ராவின் கணக்கிலிருந்து சேர்த்தேன். பழி போட வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. என் கணக்கில் சேர்த்தால் காரணம் எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த மாற்றத்தின் மீதி வேலை முடிந்ததும் எல்லாம் பச்சையானது. ஆடிக் கிருத்திகை அன்று காலை ஒன்பது நாற்பதுக்குப் புதிய பதிப்பு தானாக வெளியே போனது.

அன்று ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் துணியும் காவடியுமாக லட்சம் பேர். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். செல்போன் சிக்னல் கிடைக்காது. சுதாவும் யுவஸ்ரீயும் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டார்கள். நான் மாடியில் இருந்தேன். ஃபைபர் லைன் நன்றாக வேலை செய்தது. இணைப்பே இல்லை என்று கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அது பொய்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் திரையில் ஓர் அழைப்பு வந்தது. முருகவேல், வயது முப்பத்து நான்கு, ராமாபுரம், பாம்புக்கடி. கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. அழைத்தது அவர் மனைவி ரஞ்சிதம். திருத்தணி பைபாஸில் நின்ற வண்டி அழைப்பை ஏற்றது. வரைபடத்தில் அது ஒரு பச்சைப் புள்ளி. திருவாலங்காட்டுக்குத் தெற்கே இறங்க வேண்டும். அது வடக்கே, நகரி சாலையில் திரும்பியது.

அந்த வண்டியின் டிரைவர் நாகேந்திரன். என் அக்காவின் கணவர். பாவா என்று கூப்பிடுவேன். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். பாவாவின் எண் என்னிடம் இருந்தது. அவர் ஊரைத் தாண்டிவிட்டதால் அவருக்குச் சிக்னலும் இருந்தது. இணையம் வழியாக நான் கூப்பிட்டிருக்கலாம், ஒரு வார்த்தை சொன்னால் வண்டியைத் திருப்பியிருப்பார். ஆனால் கூப்பிட்டால் எனக்கு இணைப்பு இருந்தது தெரிந்துவிடும். அதற்குள் சுசித்ரா எனக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தாள். அண்ணா, ஊர் மாறிப் போகிறது, பழைய பதிப்புக்குத் திருப்ப வேண்டும், உங்கள் எண் வேண்டும். பதினேழு செய்திகள். ஒவ்வொன்றையும் வந்த உடனே படித்தேன். அவளுக்குப் பதில் சொன்னால், அவள் கேட்டு நான் கொடுத்ததாக ஆகும். ஆதிகேசவன் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

ரஞ்சிதத்தின் போனில் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியிருக்கும். புதிய பதிப்பில் கோளாறு அப்படி. வண்டி ஒரு ராமாபுரத்துக்குப் போகும், நிமிடக் கணக்கு இன்னொரு ராமாபுரத்துக்குக் காட்டும். அந்தத் தோட்டத்தில் இரண்டு பைக்குகள் இருந்தன. வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று போன் சொன்னதால் அவர்கள் பைக்கில் ஏற்றவில்லை. ஆப்பே இல்லாத காலமாக இருந்திருந்தால் ஏற்றியிருப்பார்கள்.

பதினொன்று ஐந்துக்கு ஆதிகேசவன் கம்பெனியின் இணைய அழைப்பில் கூப்பிட்டார். நான் நான்காவது மணியில் எடுத்தேன். இப்போதுதான் லைன் வந்தது என்றேன். “சூர்யா, உன்ன விட்டா யாரும் இல்லப்பா” என்றார். எண்ணைப் போட்டு ஒப்புதலை அழுத்தினேன். பழைய பதிப்பு திரும்பியது.

அம்மா, உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாலை பாவா வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். சுதா காபி கொண்டுவந்து வைத்தாள், அவர் தொடவில்லை. முருகவேல் திருவள்ளூர் போகும் வழியில் இறந்துவிட்டதை அவர்தான் சொன்னார்.

“அந்தம்மா போன்ல கேட்டுகினே இருந்தாங்க மச்சான், எங்க வந்துகினு இருக்கீங்கன்னு. ராமாபுரம் வந்துட்டேம்மா, ராமாபுரத்துலதான் நிக்கிறேன்னு நான் சொல்லிகினே இருந்தேன். அந்தம்மா, நாங்களும் ராமாபுரத்துலதான் நிக்கிறோம்னு சொன்னாங்க. எனக்கு இருவது வருஷமா இந்த ரோடு தெரியும். ஆங்னு தலையாட்டிட்டு போன் சொன்ன பக்கம் போயிட்டனே.”

அது மெஷின் தவறு பாவா, உங்கள் தவறு இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணை இரண்டு நாளில் முடிந்தது. சோதனையை நிறுத்திய வரி சுசித்ராவின் பெயரில் இருந்தது. அவள் தான் செய்யவில்லை என்றாள். அது அவள் கணக்குதானே என்று என்னிடம் கேட்டார்கள். ஆம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளை நீக்கினார்கள். பெயரைக் குறிப்பிட்டு மற்ற கம்பெனிகளுக்கும் தகவல் போனது. தானாக வெளியிடும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தார்கள். பொத்தான் முழுவதுமாக என்னிடம் திரும்பி வந்தது.

அதன் பிறகு என் நாட்கள் முன்பைவிட நெருக்கமாயின. பாவா ஆம்புலன்ஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார். எந்த வண்டியும் ஓட்டமாட்டேன் என்றார். தினமும் காலையில் அக்கா அவரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், தனியாக விட அவளுக்குப் பயம். அவர் மாடிக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் பாயில் படுத்துக்கொள்வார். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் முதுகுக்கும் அவருக்கும் நான்கு அடிதான் இருக்கும். ஒவ்வொரு முறை ஒப்புதலை அழுத்தும்போதும், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறதா மச்சான் என்று கேட்பார். சரியாக இருக்கிறது பாவா என்பேன். எழுந்து வெளியே போகலாம் என்றால் போனை விட்டுப் போக முடியாது. போனை எடுத்துக்கொண்டு போனால் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூட வருவார். ஒருமுறை ரஞ்சிதத்தைப் பார்க்கத் திருவாலங்காடு போக வேண்டும் என்றார், பேருந்தில் அழைத்துப் போனேன். அந்தப் பெண் எங்களுக்கு மோர் கொடுத்தாள். என்னைக் காட்டி, இவர்தான் அன்றைக்கு அந்த மெஷினைச் சரிசெய்தவர் என்று பாவா சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

பிப்ரவரியில் சுசித்ரா வந்தாள். முன்கூட்டிச் சொல்லாமல் அரக்கோணம் பேருந்தில் வந்து, காலை பதினோரு மணிக்கு மாடி ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். கையில் மூன்று தாள்கள். பாவா பாயில்தான் இருந்தார். அவர் இருக்கட்டும் என்று அவளே சொன்னாள்.

அந்த வரி சேர்க்கப்பட்ட நேரத்தில் அவள் அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில், அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக இருந்திருக்கிறாள். அதற்கான சான்று ஒரு தாளில். அந்த வரி எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்பது இன்னொன்றில். அதே முகவரியிலிருந்து, கிருத்திகை அன்று பத்து பன்னிரண்டு முதல் பதினொன்று ஐந்து வரை ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தது மூன்றாவது தாளில். அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருடம் பதிவுகளைப் பத்திரமாகக் காப்பதுதான் என் வேலையாக இருந்தது.

“நான் போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணா” என்றாள். “என் மெசேஜ் எல்லாம் நீங்க படிச்சிகினே இருந்தீங்களா?”

படித்தேன் என்றேன்.

“பதினேழும்?”

பதினேழும் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பாவா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் தமிழ் தெரியும். பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கினார். ஆறு மாதத்தில் அவர் தனியாக நடந்து போனது அன்றுதான். மறுநாள் காலை போலீசார் வந்தபோது நான் சட்டை மாற்றித் தயாராக இருந்தேன். சுதா வாசலில் நின்றாள். யுவஸ்ரீ பள்ளிக்குப் போயிருந்தாள்.

இதுவரை சொன்னவை உங்கள் கோப்பில் ஏறக்குறைய இருக்கின்றன. இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நேற்று முழுவதும் யோசித்தேன்.

டிசம்பரில் ஆதிகேசவன் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து பொத்தான் இல்லாமல் நடத்திக் கொடுக்கும் என்றார். ஜனவரியில் தொடங்கலாம் என்றார். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, மலைப் படிகளுக்குப் பூசை செய்யும் படித் திருவிழா. அன்றும் ஊரில் சிக்னல் இருக்காது. ஒரு டிரைவர் அழைப்பை ஏற்காவிட்டால், ஒரு நிமிடத்தில் அடுத்த டிரைவருக்குப் போக வேண்டும். அது போகிறதா என்று பார்க்கும் சோதனை சிவப்பான ஒரு பதிப்பு அப்போது வந்தது, அந்தச் சோதனையை நிறுத்திவிட்டு ஒப்புதலை அழுத்தினேன். இந்த முறை எந்த மனிதரின் கணக்கையும் தொடவில்லை, இயந்திரத்தின் கணக்கிலேயே செய்தேன். மணவூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சந்திரா என்று ஓர் அம்மாள், வயது ஐம்பத்திரண்டு, நெஞ்சுவலி. அவருடைய அழைப்பு, அணைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு போனில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மணி பத்து நிமிடம் கழித்துத்தான் நான் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். கடைசியில் வீட்டார் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆட்டோவில் போனதால் எங்கள் பதிவில் ‘அழைப்பு ரத்து’ என்றுதான் இருக்கிறது. யாரும் புகார் கொடுக்கவில்லை. நான்தான் நான்கு நாள் கழித்து மணவூர் போய், மாலை போட்ட படத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். படித் திருவிழா அன்று என் முதுகுக்குப் பின்னால் பாவா படுத்திருந்தார். சந்திராவின் அழைப்பு திரையில் நின்றுகொண்டிருந்தபோது, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

முதல் முறை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். இரண்டாம் முறை தெரியும். தெரிந்தே செய்தேன். முருகவேலும் சந்திராவும் என்னால்தான் இறந்தார்கள். இதில் சுசித்ராவுக்கோ நாகேந்திரனுக்கோ எந்தப் பங்கும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது, அம்மா. இரண்டு முறையும் கடைசியில் அதைச் சரிசெய்தது நான்தான். வேறு யாராலும் முடியவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.